தொட்டால் சுருங்கும் குழந்தை, தொட்டுக்கொண்டே இருக்கும் குழந்தை: தொடு உணர்வு வேறுபாட்டைப் புரிந்து கையாள ஒரு வழிகாட்டி

சட்டைக் கழுத்தில் இருக்கும் லேபிள் உறுத்துகிறது என்று அழுகிற குழந்தை, சாயங்காலம் மணலில் அரை மணி நேரம் புரண்டு விளையாடும். முடி வெட்டக் கூப்பிட்டால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதே குழந்தை அப்பாவின் முதுகில் ஏறி இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இறங்காது. பார்ப்பவர்கள், "பிடிச்சா எல்லாம் செய்யுது, பிடிக்கலைன்னா நடிக்குது" என்பார்கள். இதில் நடிப்பு எதுவும் இல்லை. லேசாகப் படுவதும் அழுத்திப் பிடிப்பதும் உடலுக்குள் வெவ்வேறு செய்திகளாகப் போகின்றன. ஒன்றைத் தாங்க முடியாத குழந்தை இன்னொன்றைத் தேடி ஓடுவது இயல்பு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் நகம் வெட்டுவது, தலைக்குக் குளிப்பாட்டுவது, சாக்ஸ் மாட்டுவது என்று வீட்டில் தினமும் நடக்கும் பல போராட்டங்களுக்கு வழி தெரிந்துவிடும்.

தோலுக்குள் நடப்பது

தோலில் உணர் கருவிகள் பல வகை. விளிம்பையும் வடிவத்தையும் சொல்ல ஒரு வகை, பொருள் கையிலிருந்து நழுவுவதைச் சொல்ல ஒன்று, அதிர்வுக்கு ஒன்று, தோல் இழுபடுவதற்கு ஒன்று. வலி, சூடு, குளிர், அரிப்பு ஆகியவற்றுக்குத் தனி நரம்பு முனைகள். இவை உடம்பெங்கும் ஒரே அளவில் பரவியிருப்பதில்லை. விரல் நுனியில் 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு முனைகளை வைத்தால், இரண்டு என்று தெரியும். முதுகில் அதே இரண்டு முனைகளை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். உதடு, வாய், முகம், விரல்கள் ஆகியவை மிகக் கூர்மையான இடங்கள். பல் தேய்ப்பதும் முகம் துடைப்பதும் நகம் வெட்டுவதும் திரும்பத் திரும்பச் சண்டையாவதற்கு ஒரு காரணம் இதுதான்.

செய்தி மூளைக்குப் போனதும் எதைக் கவனிக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அங்கே ஒரு சல்லடை வேலை நடக்கிறது. நீங்கள் போட்டிருக்கும் உடை உங்கள் தோளில் படுவது இந்த வரியைப் படிக்கும்வரை உங்கள் நினைவில் இருந்திருக்காது. சில குழந்தைகளுக்கு அந்தச் சல்லடைக் கண் பெரிது. உடை நாள் முழுக்கப் பட்டுக்கொண்டே இருக்கிறது. வேறு சிலருக்குக் கண் மிகச் சிறிது. கன்னத்தில் சாப்பாடு ஒட்டிக் காய்ந்தாலும் தெரிவதில்லை.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கட்டுரையின் பாதி வழிமுறைகள் அதிலிருந்துதான் வருகின்றன. நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டிக்கொள்ள முடியாது. நம் கை அசையும்போதே அது எங்கே, எப்படிப் படும் என்று சிறுமூளை கணித்துவிடுவதால் அந்தத் தொடுதலின் வேகம் குறைந்துவிடுகிறது. அடுத்தவர் கை எதிர்பாராமல் படும்போது அந்தக் கணிப்பு இல்லை. அதனால் குழந்தை தானே செய்வதும், என்ன நடக்கப்போகிறது என்று முன்கூட்டியே அறிந்திருப்பதும் வெறும் சமாதானப் பேச்சில்லை. அந்தத் தொடுதலின் உறைப்பே அப்போது குறைகிறது.

தொடுதலிலிருந்து சில குழந்தைகள் இப்படித் தற்காத்துக்கொள்வதை 1960களிலேயே கவனித்து எழுதியவர் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் நிபுணர்) ஜீன் ஏயர்ஸ். ஆனால் 'உணர்வுச் செயலாக்கக் கோளாறு' (புலன்கள் தரும் செய்தியை மூளை கையாள்வதில் வரும் தடுமாற்றம்) என்பது மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் தனி நோயாக இடம்பெறவில்லை. 2013இல் வெளிவந்த அந்தக் கையேடு, புலன் உணர்வுகளுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்ள வேண்டாம். லேபிள் உறுத்துகிறது என்று அழும் குழந்தைக்கெல்லாம் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை. கவனக்குறைவு உள்ள குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், மற்ற எல்லா விதத்திலும் சாதாரணமாக வளரும் குழந்தைகள் என்று பலரிடமும் இது காணப்படுகிறது.

உங்கள் குழந்தை எந்தப் பக்கம்?

மிகையாக உணரும் குழந்தையை அடையாளம் காண்பது எளிது. கையில் பசை பட்டால் உடனே கழுவ ஓடும். முத்தம் கொடுத்த இடத்தைத் துடைத்துக்கொள்ளும் (பலருக்கு இது மனவருத்தம் தரும், உண்மையில் குழந்தை உங்கள் அன்பைத் துடைக்கவில்லை, லேசாகப் பட்ட ஈரத்தை அழுத்தித் தேய்த்து அடக்குகிறது). புல்லில் வெறுங்காலோடு நிற்காது, நுனிக்காலில் நடக்கும். வரிசையில் நிற்கும்போது பின்னால் இருப்பவர் உரசினால் அடித்துவிடும். ஆசிரியர் இதை முரட்டுத்தனம் என்று எழுதி அனுப்புவார்.

குறைவாக உணரும் குழந்தை அமைதியாக இருப்பதால் கவனத்துக்கே வராது. சட்டை திருகிக்கொண்டிருக்கும், செருப்பு இடம் மாறியிருக்கும், முழங்காலில் ரத்தம் வந்திருக்கும், எதுவும் தெரிந்திருக்காது. என் கணிப்பில் அதிக ஆபத்து இந்தக் குழந்தைக்குத்தான், அதிக உதவி கிடைப்பதோ முதல் வகைக்கு.

தேடும் குழந்தை எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும், சுவரை உரசிக்கொண்டே நடக்கும், சட்டைக் காலரைக் கடிக்கும், மற்ற பிள்ளைகளை மூச்சுமுட்டக் கட்டிப்பிடிக்கும்.

நான்காவதாக, பிரித்தறிவதில் தடுமாறும் குழந்தை. தொடுதல் பிடிக்கும், தெரியும். எதைத் தொடுகிறோம் என்பதுதான் துல்லியமாகத் தெரியாது. பார்க்காமல் பையிலிருந்து ரப்பரை எடுக்க வராது. பட்டன் போடும்போது கண் விலகினால் கை நின்றுவிடும். பென்சிலைத் தாள் கிழியும் அளவுக்கு அழுத்தும். 'கையெழுத்து சரியில்லை' என்ற புகாருக்குப் பின்னால் சில சமயம் இது இருக்கும்.

ஒரே குழந்தையிடம் இரண்டு மூன்று வகைகள் கலந்து இருக்கலாம். உடம்பின் இடத்தைப் பொறுத்தும் மாறும். தூக்கம் கெட்ட நாளில், பசியில், காய்ச்சல் வருவதற்கு முந்தைய நாளில் தாங்கும் அளவு சட்டென இறங்கும். நேற்றுப் போட்ட சட்டையை இன்று மறுப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள்

ஒரு நோட்டில் 7 நாட்கள் எழுதுங்கள்: என்ன பட்டது, உடம்பில் எங்கே, யார் தொட்டார்கள், சொல்லிவிட்டா சொல்லாமலா, லேசாகவா அழுத்தியா, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது, அமைதியாக எத்தனை நிமிடம் ஆனது. கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். அழுகை நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் முன்னேற்றம் தெரியாது. 25 நிமிட அழுகை 8 நிமிடமாகக் குறைவது பெரிய மாற்றம், எழுதி வைத்தால்தான் அது கண்ணில் படும்.

வாரக் கடைசியில் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தென்படும். 'குளிக்க மறுக்கிறான்' என்று நினைத்தது, 'முகத்தில் தண்ணீர் வழிவதை மறுக்கிறான்' என்று சுருங்கும். 'சட்டையே போடமாட்டாள்' என்பது, 'கையில் எலாஸ்டிக் வைத்த சட்டை மட்டும் வேண்டாம் என்கிறாள்' என்று ஆகும். பிரச்சினை எவ்வளவு சிறிதாகிறதோ அவ்வளவு வேலை மிச்சம்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், குறைந்தது இரண்டு வாரம். சோப்பு, துணி, குளிக்கும் நேரம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

எந்தத் தொடுதலுக்கும் பொருந்தும் முறை

முன்னால் வந்து, கண்ணில் படும்படி நின்று, சொல்லிவிட்டுத் தொடுங்கள். "இப்ப உன் சுண்டுவிரலைப் பிடிக்கப்போறேன் கண்ணா" என்று இடத்தையும் செயலையும் சொல்லுங்கள். "ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் செய்வது அடுத்த முறைக்கான கதவையும் சாத்திவிடும்.

விரல் நுனியால் தொடாமல் முழு உள்ளங்கையால், அசையாமல், சீராக அழுத்துங்கள். வருடல் வேண்டாம். ரோமம் உள்ள தோலில் மெதுவான வருடலுக்கென்றே தனி நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போது அவை நன்றாக விழித்துக்கொள்ளும். பெரும்பாலானவர்களுக்கு இதமாக இருக்கும் அந்த வருடலே இந்தக் குழந்தைகள் சிலருக்கு ஊர்கிற மாதிரி இருக்கும். தூங்க வைக்கத் தலையைத் தடவினால் குழந்தை இன்னும் முழித்துக்கொள்கிறதா? தடவுவதை நிறுத்திவிட்டு, தோளில் கையை வைத்து அப்படியே அழுத்திப் பாருங்கள்.

முடிவு எங்கே என்று தெரியட்டும். "பத்து எண்ணினதும் முடிஞ்சிடும்" என்றால் பத்தில் நிறுத்த வேண்டும். இன்னும் இரண்டு நகம் பாக்கி இருந்தாலும் நிறுத்துங்கள்.

"நிறுத்து" என்பதற்கு ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். கையை விரித்துக் காட்டுவது போதும். குழந்தை காட்டினால் உடனே கை விலக வேண்டும். ஆரம்பத்தில் குழந்தை அதைச் சோதித்துப் பார்க்கும், நிமிடத்துக்கு மூன்று முறை காட்டும். சலித்துக்கொள்ளாதீர்கள். சைகை வேலை செய்கிறது என்ற நம்பிக்கை வந்தபின் அதைப் பயன்படுத்துவது குறையும்.

கட்டாயப்படுத்திப் பிடித்துச் செய்தால் பழகிவிடும் என்ற எண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. நடப்பது நேர் எதிர். மூளை அந்தத் தொடுதலோடு தப்பிக்க முடியாத பயத்தையும் சேர்த்து எழுதிவைத்துக்கொள்ளும். அப்புறம் நகவெட்டியைக் கண்டாலே அழுகை தொடங்கும்.

நகம்

நகவெட்டி நகத்தை வெட்டும் முன் ஒரு கணம் அதை வளைத்து நசுக்குகிறது. நகத்துக்கு அடியிலுள்ள சதை அப்போது இழுபடுகிறது. குழந்தை வலி என்று சொல்வது அந்தக் கணத்தைத்தான். பெரியவர்களின் தட்டையான நகவெட்டியில் இது அதிகம். எனவே சிறிய, கூர்மையான குழந்தை நகவெட்டி வேண்டும்.

குளித்து முடித்ததும் வெட்டுங்கள், நகம் ஊறி மெத்தென்று இருக்கும். குழந்தையை உங்கள் மடியில், அதன் முதுகு உங்கள் நெஞ்சில் சாயும்படி உட்கார வையுங்கள். இப்போது உங்கள் கையும் அதன் கையும் ஒரே திசையில் இருக்கும். குழந்தையின் விரலின் கடைசி மூட்டை உங்கள் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, ஐந்து எண்ணும்வரை நன்றாக அழுத்துங்கள். நகத்தடிச் சதையை மெல்லக் கீழே இழுத்துப் பிடித்து, அழுத்தத்தை விடாமல், ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மறு ஓரத்தில் ஒன்று என்று மூன்று சின்ன வெட்டாக எடுங்கள். ஒரே வெட்டில் முழு நகத்தையும் கவ்வினால் நசுங்கல் பெரிதாகும்.

ஒட்ட வெட்டாதீர்கள். ஒரு மில்லிமீட்டர் விட்டுவையுங்கள். அதுவரை நகம் மூடியிருந்த தோல் வெளியே வந்துவிட்டால், இரண்டு நாளைக்கு எதைத் தொட்டாலும் கூசும். நகம் வெட்டிய மறுநாள் குழந்தை கையை மடக்கிக்கொண்டே திரிந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பத்து விரலையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தினம் இரண்டு, ஐந்து நாளில் முடிந்தது. அரத்தால் தேய்ப்பது சிலருக்குச் சுகம், சிலருக்கு அதன் அதிர்வு வெட்டுவதைவிட மோசம்; ஒரு நகத்தில் தேய்த்துப் பார்த்து முடிவெடுங்கள். தூங்கும்போது வெட்டுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் பாதியில் விழித்துக்கொண்டால் தூக்கத்துக்கே பயப்படத் தொடங்கிவிடலாம். அதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம்.

தலை

சீப்பை வைக்கும் முன் இரண்டு உள்ளங்கைகளாலும் தலையின் இரு பக்கத்தையும் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். வேரை ஒட்டி முடியை ஒரு கையால் கொத்தாக இறுக்கிக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கி மேலே மேலே சிக்கெடுங்கள். இழுப்பு உங்கள் கையோடு நின்றுவிடும், தலைத்தோலுக்குப் போகாது.

தலைக் குளியலில் தொல்லை தருவது பெரும்பாலும் நெற்றியில் வழியும் தண்ணீர். ஷவரிலிருந்து விழுவது நூற்றுக்கணக்கான சின்னச் சின்னத் தொடுதல்கள். குவளையால் ஒரே சீராக, தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது, உச்சியிலிருந்து பின்பக்கம் ஊற்றுவது எளிதாகத் தாங்கும். மடித்த துண்டைக் குழந்தையே நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். "மூணு குவளை" என்று சொல்லி மூன்றோடு நிறுத்துங்கள். துடைக்கும்போது தேய்க்காமல் துண்டை அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள்.

முடி வெட்டுவதற்குப் பல நாள் முன்பே டிரிம்மரை வீட்டில் கையில் கொடுங்கள்: முதலில் அணைத்து வைத்தது, பிறகு ஓடவிட்டு மேசைமேல், பிறகு குழந்தையின் உள்ளங்கையில், முழங்காலில், கடைசியில் தோளில். இந்தப் படிகளுக்கு ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். வெட்டுபவரிடம் முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: பின்கழுத்தில் ஊதக் கூடாது, தூரிகையால் தட்டக் கூடாது. ஈரத்துணியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். கழுத்தில் சிக்கிய முடித் துணுக்குகளோடு வீடுவரை வரும் பயணமே பல குழந்தைகளுக்குப் பெரிய சித்திரவதை. மாற்றுச் சட்டை ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.

பல்

சிறிய தலையும் மென்மையான குச்சங்களும் உள்ள பிரஷ். தேய்க்கும் முன், உதட்டுக்கு மேலும் கன்னத்திலும் உங்கள் விரலால் வெளியிலிருந்து அழுத்துங்கள். முன்பல்லில் தொடங்காமல் கடைவாயில் தொடங்கிப் பாருங்கள். முன் ஈறு அதிகம் கூசும். பற்பசை நுரைப்பதோ காரமோ தாங்காவிட்டால் நுரையில்லாத, சுவையில்லாத ஃப்ளோரைடு பசை கிடைக்கிறது. 3 வயதுக்குள் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயதுவரை பட்டாணி அளவு போதும். குழந்தை முதலில் தானே தேய்க்கட்டும், பிறகு நீங்கள் முடித்து வையுங்கள்.

உடையும் சாக்ஸும்

லேபிளைக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். தையலில் மிஞ்சும் அரை சென்டிமீட்டர் துண்டு முழு லேபிளைவிடக் கடுமையாகக் குத்தும். தையல் பிரிக்கும் ஊசியால் நூலைப் பிரித்து முழுதாக எடுங்கள். நைலான் நூலால் தைத்த சட்டையானால் முடிச்சு நுனியும் குத்தும், தடவிப் பார்த்து அதையும் எடுத்துவிடுங்கள்.

சாக்ஸை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டால் கால்விரல் மேல் ஓடும் தையல் தோலில் படாது. ஒரு சாக்ஸை நீங்களே கையில் மாட்டி, விரல்களை மடக்கி ஷூவுக்குள் நுழைத்துப் பாருங்கள். அந்தத் தையல் மடிந்து கயிறு மாதிரி நிற்பது தெரியும். குழந்தை அந்தக் கயிற்றின் மேல்தான் நாள் முழுக்க நடக்கிறது.

புதுத் துணியை மூன்று முறை துவைத்த பிறகே கொடுங்கள். சோப்புத் தூள் அதிகமாகப் போட்டால் துணியில் தங்கி மொறமொறவென்று ஆக்கும்; அளவைக் குறைத்து ஒரு தடவை கூடுதலாக அலசுங்கள். தளர்ந்த உடை காற்றில் அசைந்து அசைந்து படுவது தொல்லை என்றால் உள்ளே உடம்போடு ஒட்டும் பனியன் போட்டுவிடலாம். பள்ளி கிளம்பும் காலையில் எந்தப் புது உடையையும் அறிமுகம் செய்ய வேண்டாம். ஒரு விடுமுறைச் சாயங்காலத்தில் 10 நிமிடம், மறுநாள் 20. பிடித்த சட்டை ஒன்று கிடைத்துவிட்டால் அடுத்த இரண்டு அளவிலும் வாங்கி வைப்பது வீண் செலவாகாது.

கையை அழுக்காக்கும் விளையாட்டு

நோக்கம், குழந்தை பசையை விரும்ப வேண்டும் என்பதல்ல. பசை பட்டால் உலகம் இடிந்துவிடாது என்று அது அறிந்தால் போதும். ஏறுவரிசை இப்படி: காய்ந்த பெரிய பொருட்கள் (கூழாங்கல், மரக்கட்டை), பிறகு காய்ந்த சிறியவை (தானியம், மணல்), பிறகு ஈர மணல், பிசைந்த மாவு, கடைசியில் வழவழப்பும் ஒட்டலும் உள்ளவை (விரல் பெயின்ட், பசை, நுரை). ஒவ்வொன்றிலும் முதலில் கரண்டியால், பிறகு ஒரு விரல் நுனி, பிறகு முழுக் கை. ஒட்டுகிற பொருளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைக்குள் மூடி, மேலிருந்து அமுக்க விடுவது நல்ல இடைப்படி.

ஈரத் துண்டு ஒன்று குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தால் துணிச்சல் கூடும். துண்டை மறைத்து வைத்தால் விளையாட்டே நின்றுவிடும். ஒரு தடவைக்கு 5 நிமிடம். குழந்தையின் கையைப் பிடித்து உள்ளே அமுக்கவே கூடாது. அப்படி ஒரு தடவை நடந்தால் படியில் பல வாரம் பின்னால் போய் நிற்பீர்கள்.

தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் ஜெல்லி மணிகள் வேண்டவே வேண்டாம். விழுங்கினால் வயிற்றுக்குள்ளும் ஊதிப் பெரிதாகிக் குடலை அடைத்துவிடும். எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கும், 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், 3.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள குழலுக்குள் போகும் எந்தப் பொருளும் கூடாது.

பிரித்தறியத் தடுமாறும் குழந்தைக்கு வேறு விளையாட்டு: துணிப் பையில் கரண்டி, பந்து, சாவி என்று மூன்று மாறுபட்ட பொருட்கள். பார்க்காமல் எடுக்கச் சொல்லுங்கள். எளிதாக வந்ததும் ஐந்தாக்குங்கள், பிறகு ஒன்றுபோல் இருப்பவற்றை (சின்ன நாணயம், பெரிய நாணயம், பட்டன்) போடுங்கள்.

தேடும் குழந்தைக்கும் உணராத குழந்தைக்கும்

தேடும் குழந்தையிடம் "தொடாதே" என்பது பசித்தவரிடம் "சாப்பிடாதே" என்பது போல. தேவையை வேறு வழியில் நிரப்ப வேண்டும். தசையும் மூட்டும் உழைக்கும் வேலைகள் நன்றாக உதவும்: சுவரை இரண்டு கைகளாலும் பத்துத் தடவை தள்ளுவது, துணிக்கூடையை இழுப்பது, மாவு பிசைவது, தலையணைகளுக்கு நடுவே இறுக்கிக்கொள்வது (முகம் எப்போதும் வெளியே இருக்க வேண்டும்). வகுப்பு தொடங்கும் முன், வீட்டுப்பாடத்துக்கு முன் என்று முன்கூட்டியே 5 நிமிடம் கொடுங்கள். அமர்க்களம் ஆனபின் கொடுத்தால் அமர்க்களத்துக்குக் கிடைத்த பரிசாகிவிடும். காலரைக் கடிப்பவர்களுக்கு கடிப்பதற்கென்றே செய்த உறுதியான பொருட்கள் இருக்கின்றன. தினமும் விரிசல் பார்த்து, விட்டிருந்தால் தூக்கி எறியுங்கள்.

உணராத குழந்தைக்குப் பாதுகாப்புதான் முதல் வேலை. தினம் இரவில் உடை மாற்றும்போது உள்ளங்கால், விரல் இடுக்கு, முழங்கால், முழங்கை நான்கையும் பாருங்கள். குளிக்கும் தண்ணீரைக் குழந்தையைக் கேட்டுச் சரிபார்க்காதீர்கள், அது சரி என்றுதான் சொல்லும். 37, 38 டிகிரி செல்சியஸ் போதும். வீட்டு ஹீட்டரை 49 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். ஷூ புதிதென்றால் முதல் நாள் அரை மணிக்கு ஒருமுறை கழற்றிக் கொப்புளம் பாருங்கள். முகம் துடைக்கக் கண்ணாடி முன் நிறுத்திக் கற்றுக்கொடுங்கள். தோல் சொல்லாததைக் கண் சொல்லட்டும்.

கட்டுக்கடங்காமல் போனால்

பேச்சைக் குறையுங்கள், விளக்கைக் குறையுங்கள், உறுத்தும் பொருளை அகற்றுங்கள், கை நீளத் தூரத்தில் உட்காருங்கள். சமாதானப்படுத்தத் தடவிக்கொடுக்கத்தான் நம் கை போகும். தொடுதலால் வந்த தவிப்பில் இன்னொரு தொடுதல் எண்ணெய் ஊற்றுவதாகும். தனக்கோ பிறருக்கோ அடிபடும் நிலையில் மட்டும் பிடியுங்கள். என்ன நடந்தது என்று கேட்பதை அமைதியான பிறகு, முடிந்தால் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் சின்னச் சின்ன ஏற்பாடுகளே போதும்: வரிசையின் கடைசி இடம், முதுகுக்குப் பின்னால் யாரும் நடக்காத ஓர இருக்கை, தரையில் உட்காரும்போது தன் எல்லையைக் காட்ட ஒரு சிறு விரிப்பு, பின்னாலிருந்து தோளைத் தட்டாமல் முன்னால் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது. ஆசிரியரிடம் நீளமாக விளக்குவதைவிட, இந்த நான்கையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் நடக்கும்.

எடைப் போர்வையும் பிரஷ்ஷும்

எடை கூட்டிய போர்வைகளை நிறைய விற்கிறார்கள். சில குழந்தைகளுக்கு அது பிடிக்கிறது. தூக்கத்தை மேம்படுத்துவதாகத் திடமான ஆதாரம் குழந்தைகளிடம் இன்னும் இல்லை. கைக்குழந்தைகளுக்கு அறவே கூடாது. பெரிய குழந்தை என்றாலும் தானே விலக்கித் தள்ள முடிய வேண்டும், முகத்தை மூடக் கூடாது. மூச்சு, இதயம், வலிப்புப் பிரச்சினை இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். உடல் எடையில் 10 சதவீதம் என்று வழக்கில் சொல்லப்படும் அளவை உச்ச வரம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷால் உடம்பைத் தேய்க்கும் முறைக்கும் ஆதாரம் பலவீனம்தான். பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் நேரில் காட்டிக்கொடுக்காமல் காணொளி பார்த்து அதைச் செய்ய வேண்டாம்.

யாரிடம், எப்போது

இதுவரை இல்லாத தொடு வெறுப்பு திடீரென்று வந்தால் அதை உணர்வு வேறுபாடு என்று எழுதிவிடாதீர்கள். காது, பல், தோல், மூட்டு இவற்றில் வலி இருக்கலாம். குறிப்பிட்ட ஒருவர் தொட்டால் மட்டும், அல்லது உடம்பின் குறிப்பிட்ட இடத்தைத் தொட்டால் மட்டும் குழந்தை உறைந்துபோனால், அந்தக் குழந்தைக்குத் தீங்கு நடந்திருக்கலாம் என்பதையும் மனதில் வைத்து, அந்த நபரிடமிருந்து விலக்கி, உடனே உதவி தேடுங்கள். சுட்டாலும் உடைந்தாலும் வலியே தெரியாதது, தெரிந்த பேச்சை இழப்பது, எடை குறையும் அளவுக்குச் சாப்பாட்டை மறுப்பது, சாப்பாடு அல்லாதவற்றைத் தின்பது ஆகியவற்றுக்கும் முதலில் குழந்தைநல மருத்துவர்.

மற்றபடி, இரண்டு மாதம் முயன்றும் குளியல், உடை, பள்ளி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நின்றுபோகும் நிலை தொடர்ந்தால் குழந்தைகளோடு வேலை செய்யும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டைப் பாருங்கள். உங்கள் நோட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். 'உணர்வுகளை ஒருங்கிணைப்போம்' என்று பொதுவாகச் சொன்னால், வீட்டில் எது மாறும் என்று கேளுங்கள். 'அழாமல் ஐந்து விரல் நகம் வெட்ட விடுவாள்', 'சாக்ஸோடு அரை நாள் இருப்பான்' என்பது மாதிரி அளந்து பார்க்கக்கூடிய இலக்கு இரண்டு மூன்றைத் தாளில் எழுதி வாங்குங்கள். எத்தனை அமர்வுக்குப் பிறகு அதைச் சரிபார்க்கப் போகிறோம் என்ற தேதியையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியில் எதுவும் நகரவில்லை என்றால் முறையை மாற்றச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.